ரோட்டுக்கு 21 இன்ச், ரேஸுக்கு 18 இன்ச்... ஏன்? ஸ்போர்ட்ஸ் காருக்கு டிராக் டயர், வீல் தேர்வு செய்வது எப்படி?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தது நினைவிருக்கலாம். அந்த அணி ஓட்டியது போர்ஷே 911 ஜிடி3 கப் கார். அதைப் பார்த்த பிறகு, "நம்ம காரையும் ஒருநாள் டிராக்கில் ஓட்டிப் பார்க்கணும்" என்று ஆசைப்பட்டவர்கள் நிறைய பேர். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவை அருகே செட்டிப்பாளையம் என நம்ம ஊரிலேயே டிராக்குகளும் இருக்கு.

ஆசை வந்ததும் பலர் முதலில் போவது டயர் கடைக்குத்தான். "பெரிய அலாய் வீல், அகலமான டயர் போட்டுடுங்க, கார் ஒட்டிக்கிட்டு போகும்" என்பார்கள். ஆனால் உண்மை அவ்வளவு எளிது இல்லை. தவறான அளவு போட்டால் கார் மெதுவாகும், டயர் உள்ளே உரசும், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும். எதைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே கார், இரண்டு வீல்... என்ன வித்தியாசம்?

ரோட்டில் ஓடும் 911 ஜிடி3 (992 தலைமுறை) காரில் முன்பக்கம் 20 இன்ச் வீல், 255/35 டயர். பின்பக்கம் 21 இன்ச் வீல், 315/30 டயர். இதே காரின் ரேஸ் வடிவமான ஜிடி3 கப்பில் முன்னும் பின்னும் 18 இன்ச் வீல்தான்!

விலை கூடிய ரேஸ் காருக்கு ஏன் சின்ன வீல்? மூன்று காரணங்கள்.

முதலாவது பிரேக். ரோடு காரின் முன் பிரேக் டிஸ்க் 408 மி.மீ. விட்டம் கொண்டது. அதன் மேல் காலிப்பரும் உட்கார வேண்டும் என்பதால் பெரிய வீல் தேவைப்படுகிறது. ரேஸ் காரில் 380 மி.மீ. டிஸ்க். அது 18 இன்ச்சுக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது சைடுவால், அதாவது ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சுவர். ரோடு காரின் பின் டயரில் இது 94.5 மி.மீ. உயரம். கப் காரில் சுமார் 126 மி.மீ. இந்த உயரமான சுவர், டிராக் ஓரத்தில் இருக்கும் கெர்ப் மீது ஏறி இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது எடை. ஒரே தரத்தில் செய்த வீல் என்றால் விட்டம் குறையும்போது பொதுவாக எடையும் குறையும். பெரிய வீல் ஷோரூமில் அழகாகத் தெரியும். ரேஸில் அழகுக்கு மார்க் கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீல் விட்டத்தைக் குறைத்த போர்ஷே, முன் ரிம்மின் அகலத்தை 9.5 இன்ச்சில் இருந்து 12 இன்ச்சாகக் கூட்டியிருக்கிறது. அதாவது டிராக்குக்கு முதலில் பார்க்க வேண்டியது விட்டத்தை இல்லை, அகலத்தை!

டயரில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

உதாரணத்துக்கு, உலகம் முழுக்க டிராக் நாட்களில் அதிகம் தென்படும் மஸ்தா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். இப்போதைய தலைமுறை காரில் வரும் ஒரு டயர் அளவு: 205/45 ஆர்17 84டபிள்யூ.

- 205 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில்.
- 45 என்பது சைடுவால் உயரம், அகலத்தில் 45 சதவீதம். 205-ல் 45 சதவீதம் என்றால் சுமார் 92 மி.மீ.
- ஆர் என்றால் ரேடியல். 17 என்பது ரிம் விட்டம், இன்ச்சில்.
- 84 என்பது சுமை எண். ஒரு டயர் 500 கிலோ வரை தாங்கும் என்று அர்த்தம்.
- டபிள்யூ என்பது வேக எழுத்து. மணிக்கு 270 கி.மீ. வரை. வி என்றால் 240, ஒய் என்றால் 300.

புதிதாகப் போடும் டயரின் சுமை எண்ணும் வேக எழுத்தும், கம்பெனி சொன்னதைவிடக் குறையவே கூடாது. டிராக்கில் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் ஒரே டயர் மீது காரின் பெரும்பகுதி எடை சாயும். இங்கே சமரசம் வேண்டாம்.

மொத்த விட்டம் ஏன் முக்கியம்?

டயரின் மொத்த உயரம் கண்டுபிடிக்க ஒரு சின்ன கணக்கு போதும். ரிம் விட்டத்தை 25.4-ஆல் பெருக்குங்கள். அதோடு சைடுவால் உயரத்தை இரண்டு முறை கூட்டுங்கள்.

205/45 ஆர்17 டயருக்கு: 431.8 + 184.5 = 616.3 மி.மீ.

இப்போ இதே காரில் அகலம் வேண்டும் என்று மூன்று டயர்களைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

- 225/45 ஆர்17: 634.3 மி.மீ. (2.9 சதவீதம் கூடுதல்)
- 245/40 ஆர்17: 627.8 மி.மீ. (1.9 சதவீதம் கூடுதல்)
- 225/45 ஆர்16: 608.9 மி.மீ. (1.2 சதவீதம் குறைவு)

முதல் டயரைப் போட்டால் என்ன ஆகும்? ஒரு சுற்றுக்கு டயர் கூடுதல் தூரம் உருளும். ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட நிஜ வேகம் சுமார் 3 சதவீதம் கூடும். கார் 9 மி.மீ. உயரும். கியர் "நீளமாகி", வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுவை குறையும். 20 மி.மீ. அகலம் வாங்கப் போய், வேகமெடுக்கும் திறனை இழக்கிறீர்கள்!

கடைசி டயரில் இது நேர் எதிர். அதே 225 அகலம், ஆனால் விட்டம் குறைவு. கியர் கொஞ்சம் குட்டையாகி இழுவை கூடும், காரும் தாழும். கோவை காரி மோட்டார் ஸ்பீட்வே போல சுமார் 2 கி.மீ. நீளமுள்ள, அடிக்கடி வேகம் குறைத்துக் கூட்டும் டிராக்குக்கு இது பொருத்தம். கிரேட்டர் நொய்டாவின் 5.125 கி.மீ. புத் சர்க்யூட் போல நீண்ட நேர்ப்பாதை உள்ள இடத்தில், கியரின் உச்ச வேகத்தை சீக்கிரமே தொட்டுவிடும். டிராக்கைப் பார்த்துத்தான் விட்டம்.

16 இன்ச் போடும் முன் அது பிரேக் காலிப்பரில் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏபிஎஸ் போன்ற சிஸ்டங்கள் வீல் சுற்றும் வேகத்தை வைத்தே வேலை செய்வதால், மொத்த விட்டம் பெரிதாக மாறாமல் இருப்பது நல்லது. முன், பின் டயர்களின் விட்ட விகிதமும் மாறக் கூடாது.

அகலமான டயர் என்றால் அதிக கிரிப்பா?

பாதி உண்மை. காற்றழுத்தமும் எடையும் மாறாதபோது, அகலத்தைக் கூட்டினால் தரையைத் தொடும் பரப்பு பெரிதாகக் கூடாது. வடிவம்தான் மாறும். நீளம் குறைந்து அகலம் கூடும். வளைவில் பக்கவாட்டு விசையைத் தாங்க இந்த வடிவம் உதவும். அதோடு சூடு பரவ ரப்பர் கூடுதலாக இருப்பதால், பல லேப் ஓடினாலும் டயர் சீக்கிரம் "வழுக்க" ஆரம்பிக்காது.

ஆனால் இதற்கு விலை உண்டு. எடை கூடும், காற்றுத் தடை கூடும், மழையில் தண்ணீர் மேல் மிதக்கும் அபாயமும் கூடும். எடை குறைந்த, சக்தி குறைந்த காரில் மிக அகலமான டயர் போட்டால், அது வேலை செய்யத் தேவையான சூட்டையே எட்டாமல் போகலாம். ஃபார்முலா 1-லேயே 2026 விதிமுறையில் முன் டயரை 25 மி.மீ., பின் டயரை 30 மி.மீ. குறைத்திருக்கிறார்கள். எடையும் காற்றுத் தடையும் குறைய வேண்டும் என்பதே நோக்கம்.

ரிம் அகலமும் டயர் அகலமும் பொருந்த வேண்டும்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டயரை மட்டும் மாற்றிவிட்டு பழைய ரிம்மையே வைத்துக்கொள்வது. எம்எக்ஸ்-5 காரின் 17 இன்ச் ரிம் 7 இன்ச் அகலம். 225/45 ஆர்17 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 7 முதல் 8.5 இன்ச். 245/40 ஆர்17 டயருக்கு 8 முதல் 9.5 இன்ச்.

அதாவது 245 டயரை 7 இன்ச் ரிம்மில் ஏற்றவே கூடாது. 225-ஐ ஏற்றலாம், ஆனால் கீழ் எல்லையில் இருக்கும். குறுகிய ரிம்மில் டயர் பலூன் மாதிரி பிதுங்கி நிற்கும். வளைவில் சைடுவால் மடங்கும், ஸ்டீயரிங் மந்தமாகும், டயரின் ஓரம் தேயும். டிராக்கைப் பொறுத்தவரை, குறுகிய ரிம்மில் பிதுங்கிய 225-ஐவிட, சரியான ரிம்மில் விரிந்து உட்கார்ந்த 205 நம்பகமாக இருக்கும்.

ஆஃப்செட்: கவனிக்காமல் விட்டால் உரசல்தான்

வீலின் நடுக்கோட்டில் இருந்து, அது காரில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். எம்எக்ஸ்-5 வீலில் இது பிளஸ் 45 மி.மீ.

7 இன்ச்சில் இருந்து 8 இன்ச் ரிம்முக்குப் போகிறீர்கள், ஆஃப்செட் அதே 45 என்றால், உள்பக்கம் 12.7, வெளிப்பக்கம் 12.7 மி.மீ. கூடும். ஆஃப்செட் 35 என்றால் உள்ளே 2.7 மட்டும், வெளியே 22.7 மி.மீ. முதலாவதில் சஸ்பென்ஷனில் இடிக்கலாம், இரண்டாவதில் ஃபெண்டரில் உரசலாம்.

அதனால் வீல் போட்டதும் கார் நின்ற இடத்தில் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்று கிளம்பிவிடாதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்கள். சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போதும் இடைவெளி இருக்க வேண்டும். 150 கி.மீ. வேகத்தில் டயர் உரசி வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

போல்ட் அமைப்பும் பொருந்த வேண்டும். எம்எக்ஸ்-5 காருக்கு 4 போல்ட், 100 மி.மீ. வட்டம், நடுத்துளை 54.1 மி.மீ. துளை பெரிதாக இருந்தால் அதற்கேற்ற ஹப் ரிங் போடாமல் ஓட்ட வேண்டாம்.

முன்னும் பின்னும் ஒரே அளவா, வேறு வேறா?

போர்ஷே 718 கேமனில் முன்னே 235, பின்னே 265. பின்பக்கம் அகலம் கூடினால் கார் பின்னால் சறுக்குவது குறையும். சாதாரண டிரைவருக்கு அது பாதுகாப்பு. எம்எக்ஸ்-5 காரில் நான்கும் ஒரே அளவு. இதில் டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு சமமாகத் தேய வைக்கலாம். பாக்கெட்டுக்கும் நல்லது.

உங்கள் கார் எந்த முறையில் வந்ததோ, முதலில் அதையே தொடருங்கள். முன் டயரை மட்டும் அகலமாக்கினால் காரின் குணமே மாறிவிடும். வளைவில் பின்பக்கம் திடீரென்று சுழன்றால் புதியவரால் பிடிக்க முடியாது.

அளவை மாற்றும் முன் இதைச் செய்யுங்கள்

முதல் முறை டிராக்குக்குப் போகிறவருக்கு அளவு மாற்றமே தேவையில்லை. அதே அளவில் நல்ல ரப்பர் கலவை உள்ள டயர் போதும். சில டயர்களின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் எண் இருக்கும். எண் குறையக் குறைய பொதுவாக ரப்பர் மென்மை, கிரிப் அதிகம், ஆயுள் குறைவு. டிராக் விரும்பிகள் அதிகம் தேடுவது 200 எண் கொண்ட டயர்களை.

தேதியையும் பாருங்கள். டயரில் இருக்கும் நான்கு இலக்கத்தில் 3524 என்றால் 2024-ன் 35-வது வாரத்தில் தயாரானது. பழைய ஸ்டாக்கை தள்ளுபடியில் கொடுத்தால் யோசியுங்கள்.

அடுத்தது காற்று. 35 டிகிரி வெயிலில் 28 பிஎஸ்ஐ வைத்துக் கிளம்பினால், டயருக்குள் இருக்கும் காற்று 85 டிகிரிக்கு சூடேறும்போது அது சுமார் 35 பிஎஸ்ஐ ஆகிவிடும். அளவை மாற்றிக் கிடைக்கும் லாபத்தை இந்த 7 பிஎஸ்ஐ தின்றுவிடும். சில லேப் ஓடி, பிட்டுக்கு வந்ததும் சூடாக இருக்கும்போதே அளந்து, டயர் கம்பெனி சொன்ன அளவுக்குக் குறையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன், டயர் ஆறிய பிறகு பழைய அளவுக்கு நிரப்ப மறக்காதீர்கள். ஆறிய டயரில் காற்று குறைவாக இருக்கும். அப்படியே நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆபத்து.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இந்தியாவில் வழக்கமான கார் இன்சூரன்ஸ் பாலிசிகள் ரேஸ், வேகச் சோதனை போன்ற பயன்பாட்டை விலக்கி வைத்திருக்கின்றன. டிராக்கில் மோதினால் செலவு உங்களுடையது. வீல், டயர் அளவை மாற்றினால் அதைக் கம்பெனியிடம் தெரிவித்துவிடுவது நல்லது. டிராக்குக்கு மட்டும் தனி செட் வைத்துக்கொண்டு, ரோட்டுக்குப் பழைய வீலையே போடுவது பாதுகாப்பான வழி.

சுருக்கமாக...

- முதலில் அதே அளவில் நல்ல டயர், சரியான காற்று.
- அகலம் கூட்டுவதென்றால் ரிம்மும் சேர்ந்து அகலமாகட்டும்.
- மொத்த விட்டம் கம்பெனி அளவை ஒட்டியே இருக்கட்டும்.
- பிரேக் அடங்கும் அளவில், எடை குறைந்த வீலைத் தேர்வு செய்யுங்கள்.
- ஆஃப்செட், போல்ட், நடுத்துளை மூன்றையும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.
- சுமை எண்ணிலும் வேக எழுத்திலும் சமரசம் வேண்டாம்.

அடுத்த முறை டயர் கடைக்காரர் "இன்னும் ஒரு இன்ச் ஏத்திக்கலாமே சார்" என்றால், ஜிடி3 கப் காரின் 18 இன்ச் வீலை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்!