நாலு தடவை மாவட்டம் மாறிய ஊர்

கல்லங்குறிச்சி நகரவே இல்லை. கலியுக வரதராசப் பெருமாள் கம்பமாக நிற்கும் அதே இடத்தில்தான் ஊரும் நிற்கிறது. ஆனால் 1995 வரை அது திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர். 2001இல் அரியலூர், 2002இல் திரும்பவும் பெரம்பலூர், 2007இல் திரும்பவும் அரியலூர். இந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த ஒருவரின் மருத்துவக் காகிதங்களை அடுக்கினால், வீடு மாறாமலே மூன்று மாவட்டக்காரர் ஆகியிருப்பார்.

கிராம முன்சீப் காலத்தில் இதெல்லாம் பிரச்சினையே இல்லை. பிறப்பு இறப்புப் பதிவேடு அவர் கையில். யார் யாருடைய பெண், எந்தத் தெரு என்பது அவருக்கு மனப்பாடம். மேலே போனது வெறும் கூட்டுத்தொகை: இத்தனை பிறப்பு, இத்தனை சாவு. 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிந்த பிறகும் சுகாதாரத் துறையில் எண்ணிக்கைதான் பயணம் செய்தது. கூட்டுத்தொகைக்குப் பெயர் தேவையில்லை. பெயர் இல்லாததற்கு எழுத்துப்பிழையும் கிடையாது.

2009இல் தாய் சேய் கண்காணிப்பு முறை நாடு முழுக்க வந்தபோதுதான் பெயரோடு கூடிய ஆள் கணினிக்குள் போனார். தமிழ்நாட்டில் 2017இல் பிறப்புச் சான்றிதழுக்கே கர்ப்பப் பதிவின் ஆர்.சி.எச். எண் கட்டாயம் ஆச்சு. ஒரு கணினி சொல்வதை இன்னொரு கணினி புரிந்துகொண்டாக வேண்டும் என்ற நெருக்கடி இப்படித்தான் செவிலியர் மேசை வரை வந்தது.

அதற்கான பொது மொழியை அமெரிக்காவில் 1987லேயே தொடங்கிவிட்டார்கள். பெயர் ஹெச்.எல். செவன். அதன் இரண்டாம் பதிப்பில் ஒரு செய்தி என்பது செங்குத்துக் கோடுகளால் பிரித்த வரிகள், அவ்வளவுதான். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லை என்றால், ‘இதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, உன்னிடம் இருப்பது இருக்கட்டும்’ என்று பொருள். அதே இடத்தில் வெறும் இரட்டை மேற்கோள் குறி ஜோடி இருந்தால், ‘உன்னிடம் இருப்பதை அழித்துவிடு’ என்று பொருள். கண்ணுக்கு இரண்டும் காலிதான்!

நம்ம ஊர் வழக்கத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். கல்லங்குறிச்சியில் எடுத்த ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் வகை என்று வைத்துக்கொள்வோம். குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் அவளுக்கு ஆன்டி-டி ஊசி போடவேண்டும். தவறினால் ஆபத்து அடுத்த குழந்தைக்கு. நடுவில் ஒரு மென்பொருள் காலிக் கட்டத்தை மேற்கோள் குறியாக அனுப்பினால், அங்கே ஏற்கெனவே ஏறியிருந்த ரத்த வகை சத்தமில்லாமல் போய்விடும். இலக்கணப்படி அந்தச் செய்தியில் ஒரு பிழையும் இருக்காது.

பொருத்தம் பார்ப்பது என்பது இந்த இடத்தில்தான் கடினமாகிறது. ஜாதகப் பொருத்தம் போலத்தான்: கட்டங்கள் ஒத்துப்போவது ஒன்று, குடும்பம் நடத்துவது வேறு. 1999 முதல் அமெரிக்காவில் வெவ்வேறு நிறுவனங்களின் பொறியாளர்களை ஒரே கூடத்தில் உட்காரவைத்து, கருவிகளை நேருக்குநேர் பேசவிட்டுச் சோதிக்கிறார்கள். என் கணக்கில் இதுதான் நேர்மையான சோதனை.

2011இல் பிறந்த புதிய வடிவம் எஃப்.ஹெச்.ஐ.ஆர், வாயில் ‘ஃபயர்’. 2021இல் நாடு முழுக்க அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், 14 இலக்க ஆபா எண்ணோடு, இதைத்தான் பேசுகிறது. இதில் குடும்பப் பெயருக்கு ஓரிடம், சொந்தப் பெயருக்கு ஓரிடம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இருப்பது இனிஷியல். அதுவும் கல்யாணத்துக்கு முன் அப்பாவுடையது, பின் பெரும்பாலும் கணவருடையது. கர்ப்பப் பதிவில் ஓர் எழுத்து, பள்ளிச் சான்றிதழில் வேறொன்று. இரண்டும் ஒரே பெண் என்று எந்த விதியும் கணினிக்குச் சொல்லாது.

ஊர்ப் பெயரும் அப்படியே. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ஆங்கிலத்தில் எழுதினால் லகரமும் ளகரமும் ஒன்றுதான். அதற்கும் கல்லங்குறிச்சிக்கும் நடுவே மிஞ்சுவது ஒரே ஒரு ‘என்’. அந்த எழுத்து விடுபட்ட முகவரியைச் சரிபார்க்கும் மென்பொருள் யோசிக்காமல் ‘சரி’ என்றுதான் சொல்லும். அப்படி ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறதே.