ஒரு சடலத்துக்காகப் பெயரை மாற்றிக்கொண்ட ஊர்

அக்டோபர் பிறந்துவிட்டால் நியூ ஜெர்சியில் இருக்கிற நம்ம ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடும். "இந்த வருஷம் இலை பார்க்க எங்க போறீங்க?" மேப்பிளும் ஓக்கும் மஞ்சள், ஆரஞ்சு, ரத்தச் சிவப்பு என்று மாறி உதிர்வதைப் பார்க்க, காரில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்புவது இங்கே ஒரு வருடாந்திரச் சடங்கு மாதிரி. எங்கள் குழுவில் யாரோ "ஜிம் தோர்ப் போங்க, குட்டி ஊர், அழகா இருக்கும்" என்று எழுத, அந்தச் சனிக்கிழமை கிளம்பிவிட்டோம். பென்சில்வேனியாவில், போக்கோனோ மலைகளின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

ஊர் உண்மையிலேயே அழகுதான். லீஹை என்ற ஆறு மலையைக் குடைந்துகொண்டு வரும் இடத்தில், அந்தப் பிளவுக்குள் அடைத்து வைத்தாற்போல ஒரே ஒரு வளைந்த கடைத்தெரு. இரண்டு பக்கமும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல், கல் கட்டடங்கள். 1888இல் கட்டிய ரயில் நிலையத்திலிருந்து பள்ளத்தாக்கைச் சுற்றிக்காட்டும் ரயில் கிளம்புகிறது. பழைய தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த பாதையில் ஆற்றோரமாக இருபத்தைந்து மைலுக்கு மேல் சைக்கிள் மிதிக்கலாம். ரப்பர் படகில் சுழல்களுக்குள் இறங்கி முதுகு வலியோடு வீடு திரும்பலாம். ஒரே குறை, கார் நிறுத்த இடம் கிடைக்காது. நாங்கள் நாற்பது நிமிடம் சுற்றினோம்.

அந்தச் சுற்றலில்தான் மனைவி கேட்டாள். "என்னங்க, ஜிம் தோர்ப்னா ஆள் பேரு மாதிரி இல்ல இருக்கு? இந்த ஊர்க்காரரா?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை. அவர் இந்த ஊரில் பிறக்கவில்லை, வாழவில்லை, சாகவும் இல்லை. செத்தபிறகு ஓர் ஒப்பந்தத்தின் பேரில் இங்கே கொண்டுவரப்பட்டார். வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு வாரம் இதையே படித்துக்கொண்டிருந்தேன்.

1954 வரை இந்த ஊரின் பெயர் மாக் சங்க். இங்கே முன்பு வாழ்ந்த லெனாப்பே மக்களின் மொழியில் கரடி மலை என்று பொருள் சொல்கிறார்கள். ஊர் முளைத்ததே நிலக்கரியால். நம் நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி, அந்தக் குடும்பத்தில் கடைக்குட்டி. இங்கே கிடைப்பது அதற்கு நேர் எதிர்முனை, ஆந்த்ரசைட். கல்மாதிரி கெட்டி, கறுப்பாகப் பளபளக்கும், புகை குறைவு. ஆனால் லேசில் பற்றாது. ஜோசையா வைட், எர்ஸ்கின் ஹஸார்ட் என்ற இரண்டு பேர் பிலடெல்பியா பக்கத்தில் இரும்புப் பட்டறை வைத்திருந்தார்கள். இந்தக் கரியைப் பற்றவைக்க ராத்திரி முழுக்கக் கிளறிப் பார்த்துவிட்டு, வெறுத்துப்போய் உலைக்கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்களாம் வேலையாட்கள். ஒருவன் எதையோ மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் கதவே பழுக்கக் காய்ந்திருந்ததாம். கிளறாமல் விட்டால்தான் எரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது என்று கதை. எவ்வளவு தூரம் உண்மையோ, சொல்லச் சொல்ல மெருகேறிய கதை என்பது மட்டும் நிச்சயம்.

அந்த இருவரும்தான் 1818இல் இங்கே வந்தார்கள். மலைமேல் கரி இருக்கிறது, பிலடெல்பியாவில் குளிர் இருக்கிறது. நடுவில் பாறையும் மணல்திட்டுமாக ஓர் ஆறு. வைட் ஆற்றின் குறுக்கே ஒருவகைக் கதவணைகளைக் கட்டினார். தண்ணீரைத் தேக்கி, கதவைச் சட்டென்று திறந்து, செயற்கை வெள்ளம் ஒன்றை உண்டாக்கி, அதன் முதுகில் கரிப்படகுகளை அனுப்புவது. படகு திரும்பி வராது. பிலடெல்பியாவில் அதை உடைத்து மரமாக விற்றுவிடுவார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று வாரக்கடைசிகளில் ரப்பர் படகு விடுகிறார்களே, அதுவும் இதே உத்திதான். மேலே இருக்கும் பிரான்சிஸ் வால்டர் அணையிலிருந்து குறித்த தேதிகளில் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள், அந்த வெள்ளத்தில்தான் நாம் கத்திக்கொண்டு போகிறோம். கரிக்குப் பதில் நாம்.

1827இல் சுரங்கம் இருந்த சம்மிட் ஹில்லிலிருந்து ஆற்றங்கரை வரை ஒன்பது மைலுக்கு ஒரு ரயில்பாதை போட்டார்கள். அமெரிக்காவின் ஆரம்பகால ரயில்பாதைகளில் ஒன்று. இன்ஜின் கிடையாது. சரிவில் கரிப்பெட்டிகள் தாமாகவே இறங்கும். காலிப்பெட்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப்போகும். கழுதைகள் கீழே வருவதற்கு அவற்றுக்கென்றே தனிப்பெட்டி, தின்ன வைக்கோலோடு. சவாரி பழகிப்போன கழுதைகள் அதற்கப்புறம் ஒருநாளும் நடந்து இறங்கச் சம்மதிக்கவில்லையாம். (நம் அலுவலகத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கப் பழகினவர்களைத் திரும்பக் கூப்பிட்ட கதை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) 1840களில் கழுதைகளுக்கு ஓய்வு. மவுண்ட் பிஸ்கா என்ற மலைச்சரிவில் நீராவி இயந்திரம் வைத்துப் பெட்டிகளை மேலே ஏற்றி, அங்கிருந்து வேறொரு சரிவுப்பாதையில் சுரங்கத்துக்கு உருட்டிவிட்டார்கள்.

1872இல் கரி வேறு வழியில் போக ஆரம்பித்தது. பாதையை மூடவில்லை, டிக்கெட் போட்டார்கள். நகரத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து, சரிவில் உருண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். 1884இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லமார்கஸ் தாம்சன் அமைத்த முதல் ரோலர்கோஸ்டருக்கு இதுதான் தூண்டுதல் என்பார்கள். 'அமெரிக்காவின் சுவிட்சர்லாந்து' என்ற பட்டம் ஊருக்குக் கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான். ஆக, சுற்றுலா இந்த ஊருக்குப் புதிதல்ல.

பணம் வந்தது. யாருக்கு என்பது வேறு விஷயம். ரயில் முதலாளி ஏசா பேக்கரின் 1861ஆம் வருட மாளிகை இன்றும் மேட்டிலிருந்து ஊரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதே ஊரில், கடைத்தெருவின் மறுகோடியில், கோட்டைமாதிரி ஒரு பழைய சிறை. அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளர்களில் சிலர் 'மாலி மக்வயர்ஸ்' என்ற ரகசியக் கும்பல் அமைத்துக் கொலைகள் செய்தார்கள் என்று குற்றச்சாட்டு. உளவு பார்க்கக் கம்பெனி வைத்தது பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தை. பிடித்தது கம்பெனிகளின் போலீஸ், வாதாடியது கம்பெனிகளின் வக்கீல்கள். அரசாங்கம் கொடுத்தது கோர்ட்டும் தூக்குமரமும்தான். 1877 ஜூன் 21 அன்று ஒரே நாளில் இங்கே நாலு பேர், பாட்ஸ்வில்லில் ஆறு பேர். 1879 ஜனவரியில் இன்னும் இரண்டு பேரை இங்கே தூக்கிலிட்டபோது, தண்டனையை நிறுத்திவைக்கும் கவர்னரின் உத்தரவு வாசலுக்கு வந்து சேர்வதற்கும் கயிறு இறுகுவதற்கும் நடுவே சில நொடிகள்தான் இடைவெளி. கொலைகள் நடந்தது உண்மை. தூக்கில் தொங்கிய அத்தனை பேரும் செய்தார்களா என்பதுதான் கேள்வி. பதினேழாம் அறையில், தான் நிரபராதி என்று கைதி ஒருவன் சுவரில் அறைந்த கைத்தடம் இன்னும் அழியவில்லை என்று காட்டுகிறார்கள். நான் கைத்தடத்தை நம்பவில்லை. கவர்னரின் உத்தரவு போதும் எனக்கு.

இருபதாம் நூற்றாண்டில் கரியின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டது. 1933இல் சரிவு ரயிலும் நின்று, பழைய இரும்பாக விலைபோனது. ஆற்றின் இரண்டு கரையிலும் மாக் சங்க், கிழக்கு மாக் சங்க் என்று இரண்டு ஏழை ஊர்கள் மிச்சம். 1950களில் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஜோ பாயில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். வாரம் ஆளுக்கு ஐந்து சென்ட் போடுங்கள், ஏதாவது தொழிற்சாலையை ஊருக்குக் கொண்டுவருவோம் என்று.

இப்போது ஜிம் தோர்ப். ஓக்லஹோமாவில் ஸாக் அண்ட் ஃபாக்ஸ் பழங்குடியில் பிறந்தவர். 'ஒளிப்பாதை' என்று பொருள்படும் வா-தோ-ஹக் என்பது அவருடைய இனத்தார் வைத்த பெயர். பழங்குடிக் குழந்தைகளை வெள்ளைக்காரர்களாக மாற்றுவதற்கென்றே நடத்திய கார்லைல் பள்ளியில் படித்தார். முடியை வெட்டி, சொந்த மொழி பேசினால் தண்டிக்கிற பள்ளி. அதுவும் பென்சில்வேனியாவில்தான் இருந்தது. அவருக்கும் இந்த மாநிலத்துக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். உலகத்திலேயே சிறந்த விளையாட்டு வீரர் என்று ஸ்வீடன் அரசரே பாராட்டினார். அடுத்த வருஷமே, முன்பு கோடைக்காலத்தில் கொஞ்சம் காசுக்குப் பேஸ்பால் ஆடினார் என்று சொல்லிப் பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிற்பாடு தொழில்முறைப் பேஸ்பால், கால்பந்து (அமெரிக்கக் கால்பந்து), சினிமாவில் சில்லறை வேடங்கள். 1953 மார்ச் 28 அன்று கலிபோர்னியாவில் வறுமையில் இறந்தார்.

உடல் ஓக்லஹோமாவுக்குப் போனது. இனத்தார் முறைப்படி இறுதிச்சடங்கு நடந்துகொண்டிருந்தபோதே அவருடைய மூன்றாவது மனைவி பேட்ரீஷியா போலீசோடு வந்து பெட்டியை எடுத்துப்போய்விட்டார். சடங்கு பாதியில் நின்றது. நினைவுச்சின்னத்துக்கு ஓக்லஹோமா சட்டமன்றம் ஒதுக்கிய பணத்தைக் கவர்னர் நிறுத்திவிட்டதில் அவருக்குக் கோபம். தகுந்த சமாதி கட்டித்தருகிற ஊரைத் தேடிக்கொண்டிருந்தவர், பிலடெல்பியாவில் இருந்தபோது இந்த ஐந்து சென்ட் ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டு நேரில் வந்தார் என்கிறார்கள். பேரம் இதுதான்: இரண்டு ஊரும் ஒன்றாகி அவர் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும், சமாதி கட்டிப் பராமரிக்க வேண்டும். பதிலுக்கு உடல். 1954இல் ஊரார் ஓட்டுப்போட்டு ஒப்புக்கொண்டார்கள். அவர் பெயரில் ஆஸ்பத்திரி வரும், விளையாட்டுக் கண்காட்சியகம் வரும் என்றெல்லாம் பேசினார்கள். ஒன்றும் வரவில்லை. வந்தது சமாதி மட்டும், 1957இல்.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. 1990இல் வந்த ஒரு சட்டம், அரசுப்பணம் பெறும் அருங்காட்சியகங்கள் பழங்குடிகளின் எலும்புகளைச் சந்ததியினர் கேட்டால் திருப்பித்தர வேண்டும் என்கிறது. 2010இல் மகன் ஜாக் தோர்ப் ஊர்மேல் வழக்குப் போட்டார். ஊரே அருங்காட்சியகம்தான் என்பது வாதம். ஜாக் மறு வருஷம் இறந்துபோக, சகோதரர்களும் ஸாக் அண்ட் ஃபாக்ஸ் அரசும் தொடர்ந்தார்கள். 2013இல் மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது: கட்டிய மனைவி விரும்பிப் புதைத்த இடத்தைப் புரட்டுவதற்காக இந்தச் சட்டம் எழுதப்படவில்லை, அப்படிப் படிப்பது அபத்தம் என்று. 2015இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது.

என் தொழிலில் இது தினசரிச் சண்டை. வாடிக்கையாளர் எழுதிக்கொடுத்ததை எழுத்துக்கு எழுத்துப் படித்தால் ஒன்று வரும், அவர் மனதில் நினைத்தது வேறொன்றாக இருக்கும். சட்டத்தின் வாசகம் பிள்ளைகள் பக்கம், நோக்கம் ஊர் பக்கம் என்று நீதிபதிகள் பார்த்தார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பாதியில் நின்ற அந்தச் சடங்கை எந்தக் கோர்ட்டும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. நம் வீட்டில் ஒரு சாவுக்குக் காரியம் முடியும் முன் உடலைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஊர்க்காரர்களையும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. கொடுத்த வாக்கை எழுபது வருஷமாகக் காப்பாற்றுகிறார்கள், மே மாதம் அவர் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்கள். தாத்தாவை இனிமேலும் அலைக்கழிக்காதீர்கள் என்று சொன்ன பேரன்களும் உண்டு. இருந்தாலும் என்னைக் கேட்டால், பிள்ளைகள் கேட்டார்கள், கொடுத்திருக்கலாம். ஊருக்கு இப்போது சமாதி தேவையில்லை. ஆறும் மலையும் சைக்கிள் பாதையும்தான் சோறு போடுகின்றன.

அதை அன்றைக்கே கண்ணால் பார்த்தோம். கடைத்தெருவில் கார் நிறுத்த இடமில்லை. ஆற்றைத் தாண்டி, முன்பு கிழக்கு மாக் சங்க்காக இருந்த பக்கத்தில், ரோட்டோரமாக இருக்கிறது சமாதி. அங்கே எங்கள் காரைத் தவிர இன்னொரு கார்தான். சிவப்புக் கிரானைட் பெட்டி, அதில் ஸ்வீடன் அரசரின் வார்த்தைகள், பக்கத்தில் அவர் சிலை. அடியில் ஓக்லஹோமா மண்ணும் ஸ்டாக்ஹோம் மைதானத்து மண்ணும் போட்டிருக்கிறார்களாம்.

"ஓக்லஹோமா மண்ண இங்க கொண்டாந்ததுக்குப் பதிலா இவரையே அங்க கொண்டு போயிருக்கலாம்ல அப்பா?" என்றான் மகன். எட்டாவது படிக்கிறான். என்னிடம் பதில் இல்லை, அரைகுறையாக ஏதோ சொன்னேன்.

2022 ஜூலையில் ஒலிம்பிக் கமிட்டி அந்த இரண்டு பந்தயங்களுக்கும் அவர் ஒருவரே சாம்பியன் என்று அறிவித்தது, நூற்றுப் பத்து வருஷம் கழித்து. கார்லைல் பள்ளியின் கல்லறையில் கிடக்கும் குழந்தைகளின் எலும்புகளை 2017இலிருந்து ராணுவம் தோண்டியெடுத்து அவரவர் இனத்தாரிடம் ஒப்படைத்துக்கொண்டு வருகிறது. அந்த இடம் ஜிம் தோர்ப்பிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தூரம்தான். அடுத்த வசந்தத்தில் அங்கே போவதாக இருக்கிறோம்.