பார்த்திவசேகரபுரம் சாலை

பார்த்திவசேகரபுரம் சாலை என்பது கன்னியாகுமரி மாவட்டம் முன்சிறைக்கு அருகே, இன்றைய பார்த்திவபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் நிறுவிய உறைவிட உயர்கல்விக்கூடம்.   

முன்சிறைச் சபையாரிடம் மாற்றுநிலம் கொடுத்துப் பெற்ற இடத்தில் மன்னன் விண்ணகரம் (திருமால் கோயில்) எடுத்து, அதற்கு முன்பே இருந்த கல்விக்கூடமான காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்க்குச் சாலை அமைத்தான். சட்டர் என்போர் வேதம் பயிலும் மாணவர். வேதக் கிளைகளான சரணங்களில், பவிழிய சரணத்தார்க்கு 45, தைத்திரீய சரணத்தார்க்கு 36, தலவகார சரணத்தார்க்கு 14 இடங்கள். இலக்கணப் புலமையும் மூவேந்தர் நாட்டு நடைமுறை அறிவும் சேர்க்கைத் தகுதிகளாக வேண்டப்பட்டன. ஆகவே இதனை வேதபாடசாலை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. சபைக்கு ஆயுதத்துடன் வருதல் தடைசெய்யப்பட்டது. விதி மீறியோர்க்குத் தண்டம் உண்டு.

ஸ்பெயினின் சலமாங்கா பல்கலைக்கழகம் (1218) தோன்றுவதற்கு 352 ஆண்டுகள் முற்பட்டது இச்சாலை. கட்டடம் எஞ்சவில்லை, விண்ணகரம் வழிபாட்டில் உள்ளது. இவ்விவரங்களைத் தரும் ஹுசூர் அலுவலகச் செப்பேடுகளை து. அ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார்.