வெள்ளமும் வறட்சியும் கண்ட காஞ்சி



ஐப்பசி நெருங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, நாம் வாழும் இந்நகரின் வரலாற்றில் ஒரு பகுதியை இவ்வாரம் நினைவுகூர விரும்புகிறேன். காஞ்சிபுரத்தைக் கோவில் நகரம் என்றும் பட்டு நகரம் என்றும் உலகம் அறியும். வெள்ளத்தையும் பஞ்சத்தையும் மாறி மாறிக் கண்ட நகரம் என்பதைப் பலர் அறியார்.

நகரின் தெற்கே பாலாறு ஓடுகிறது. தாமல் ஏரிப் பக்கமிருந்து வரும் வேகவதி நகரை ஒட்டிச் சென்று திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. இந்நகரின் பழைய தலபுராணங்கள் இரண்டு வெள்ளத்தையே பேசுகின்றன. ஏகாம்பரநாதர் கோவில் புராணத்தில் கம்பை நதி பெருக்கெடுத்து வருகிறது. திருவெஃகா கோவில் புராணத்தில் வேகவதி சீறி வருகிறது. நம் அயலாரின் இந்தச் சமய மரபுகளில், இவ்வூர் மக்கள் வெள்ளத்தை எவ்வளவு காலமாக அஞ்சி வந்துள்ளனர் என்பதை நாம் காணலாம்.

வறட்சியின் நினைவும் அதே அளவு பழமையானது. மணிமேகலைக் காப்பியத்தில், மழை பொய்த்துப் பசியால் வாடிய காஞ்சிக்கே மணிமேகலை அமுதசுரபியோடு வருகிறாள். பல்லவர் காலத்தில் இங்கு வாழ்ந்த வடமொழிப் புலவர் தண்டி, தம் அவந்திசுந்தரி கதையின் முகப்பில், பகைவர் படையெடுப்பும் பஞ்சமும் நாட்டைச் சூழ்ந்ததால் இளமையிலேயே ஊரைவிட்டு அலைய நேர்ந்ததைக் கூறுகிறார்.

சில வாரங்களில் பெருமழை, பல மாதங்கள் வெயில். இந்த நிலத்தில் வாழ முன்னோர் கண்ட வழி ஏரி. ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. வெள்ளத்தைத் தடுத்த அதே கரைதான் வறட்சிக்கு நீரைச் சேமித்தது. ஆகவே கரை உடைந்தாலும், வரத்துக்கால் தூர்ந்தாலும், மழைக்காலத்தில் ஊர் மூழ்கும். கோடையில் அதே ஊர் வறளும். இரண்டும் ஒரே அலட்சியத்தின் விளைவு.

காஞ்சியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. அதன் உறுப்பினர் பதவிக்காலம் 360 நாட்கள். கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வர இயலாது. அவருடைய உறவினரும் வர இயலாது. ஏரியைக் காப்பது அத்துணைப் பெரும் பொறுப்பாக எண்ணப்பட்டது. எனினும் அந்த வாரியத்தில் இடம்பெற நிலமும் வேதக் கல்வியும் வேண்டும். நிலமற்று உழைத்தவர்களுக்கு அங்கே குரல் இல்லை.

குரலற்றவர்களின் நிலை என்னவாகும் என்பதை 1876ஆம் ஆண்டு தொடங்கிய தாது வருடப் பஞ்சம் காட்டியது. பருவமழை பொய்த்தது; 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று கணக்கிடப்படுகிறது. நிவாரணப் பணியில் செலவைக் குறைக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், கூலியாளின் நாள் உணவை ஒரு பவுண்டு தானியமாக, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவாக, நிர்ணயித்தார். மண் சுமப்பவரின் உடல் இதில் நிலைக்காது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து நின்றார். வானம் மழையை நிறுத்தியது. ஆனால் எவருக்கு எவ்வளவு சோறு என்பதைத் தீர்மானித்தவர்கள் மனிதர்களே. சில ஆண்டுகளுக்குப் பின், 1891இல், செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர், இம்மாவட்டத்தின் தலித் உழைப்பாளர்களுடைய நிலமின்மையைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார்.

அடுத்து வெள்ளம். 1903 நவம்பரில் மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்து பாலாறு பெருக்கெடுத்தபோது, வாணியம்பாடியில் ஏறத்தாழ 200 பேர் மடிந்தனர். அதன்பின் பாலாறு பெரும்பாலும் மணலாகவே கிடந்தது. வறண்ட ஆற்றின் அகலத்தை மனிதர் எளிதில் மறந்துவிடுவர். 2015 டிசம்பர் முதல் நாளில், அன்று நம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழைக்காலத்தில் வேகவதிக் கரையோர வீடுகளிலும் நீர் புகுந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் வெள்ளம் வந்தது. ஆறு தன் பழைய இடத்தை மறக்கவில்லை.

ஆற்றங்கரையில் வீடு கட்டியவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது எளிது. கீழ்க்கதிர்பூரில் அவர்களுக்காக அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. ஆனால் தறியும் கூலியும் பிள்ளைகளின் பள்ளியும் நகருக்குள் இருக்கும்போது, ஊருக்கு வெளியே குடிபோவது ஏழைக்கு எளிதன்று. ஆற்றுக்கு இடம் வேண்டும். அந்த மக்களுக்கும் இடம் வேண்டும்.

நெசவாளர் வீட்டில் மழை செய்வதையும் நாம் அறிவோம். குழித்தறியில் நெசவாளர் கால் வைக்கும் குழியில்தான் முதலில் நீர் ஊறுகிறது. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்த இயலாது. தறி நின்றால் கூலி இல்லை. முன்பணக் கடன் மட்டும் வளர்கிறது. வீடு இடியாததால் இந்த இழப்பு சேதக் கணக்கில் எளிதில் ஏறுவதில்லை.

பிரியமானவர்களே, அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரத்தில், பஞ்சம் வரப்போவதை அகபு முன்னறிவித்தபோது அந்தியோகியா சபையார் செய்ததை நாம் வாசிக்கிறோம். அது யாருடைய பாவத்தின் தண்டனை என்று அவர்கள் ஆராயவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கதாகச் சேர்த்து, தாங்கள் முகம் பார்த்திராத யூதேயாவின் சகோதரருக்குப் பர்னபா, சவுல் இவர்கள் கையில் அனுப்பினார்கள். முன்னறிவிப்பு அவர்களை அச்சத்திற்கு அல்ல, ஆயத்தத்திற்கே நடத்தியது.

நமக்கோ ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான முன்னறிவிப்பு இருக்கிறது. ஆகையால் இம்மழைக்கு முன் சபையாராகிய நாம் சிலவற்றைச் செய்வோம். நம் தெருவின் கால்வாயில் குப்பை இடாதிருப்போம். அடைப்பு இருந்தால் மாநகராட்சிக்கு எழுதுவோம். தாழ்ந்த தெருக்களில் தனித்து வாழும் முதியோர் யார், எந்த வீட்டில் குழித்தறி உள்ளது என்று விசாரித்து வைப்போம். பட்டும் பாவும் நனையாமல் வைக்க ஆலய மண்டபத்தின் ஒரு பகுதியை எந்தச் சமயத்தவருக்கும் திறந்து வைப்போம். தறி நின்ற வாரங்களுக்கென ஒரு காணிக்கையை இப்போதே சேர்ப்போம்.

மழை கர்த்தருடைய கரத்தில் உள்ளது. அது வழிந்தோடும் கால்வாயைக் காப்பது நம் பொறுப்பு. கர்த்தர்தாமே உங்களையும் இந்நகரையும் காத்தருள்வாராக. ஆமென்.