பசித்த தெள்ளும் பம்பாய்ப் பிளேக்கும்

பம்பாயில், அதாவது இன்றைய மும்பையில், தமிழர் பல தலைமுறைகளாகக் குடியிருந்துவரும் மாதுங்காவின் அகன்ற தெருக்கள் ஒரு கொள்ளைநோயின் பின்விளைவு என்பதை நம்மில் பலர் அறியோம். 1896 செப்டம்பரில் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வியில் பிளேக் தோன்றியது. நகரின் நெருக்கடியைக் குறைக்க 1898இல் அமைக்கப்பெற்ற அபிவிருத்தி டிரஸ்ட் வகுத்த புதுக் குடியிருப்புகளுள் மாதுங்காவும் ஒன்று.

நோய்க்கிருமியை 1894லேயே ஹாங்காங்கில் எர்சின் கண்டுவிட்டார். அது மனிதனை அடையும் வழிதான் விளங்கவில்லை. அதிகாரிகள் அழுக்கின்மேல் பழியைச் சுமத்தினர். வீடுகளுட் புகுந்து துணிமணிகளை எரித்தனர். நோயாளரைக் குடும்பத்தினின்றும் பிரித்தனர். மக்கள் வெகுண்டதில் வியப்பென்ன? புனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். இத்தனைக்கும், எலிகள் மடியக் கண்டதும் ஊரைவிட்டு அகலும் வழக்கம் குமாவுன் மலைமக்களிடம் முன்னரே இருந்தது. அவ்வனுபவ அறிவை எவரும் பொருட்படுத்தவில்லை.

1898 ஜூனில் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் எளியதொரு சோதனை செய்தார். நோயுற்ற எலி ஒன்றைத் தெள்ளுப்பூச்சிகளுடன் கண்ணாடி ஜாடியில் விட்டார். அதன்மேல், தொடாதவாறு, நல்ல எலி ஒன்றைக் கம்பிக்கூண்டில் தொங்கவிட்டார். முதல் எலி இறந்து உடல் குளிர்ந்தது. தெள்ளுகள் மேலே தாவின. சில நாளில் நல்ல எலியும் பிளேக்கால் மடிந்தது. ஆயினும் சிமோனை நம்பினோர் சிலரே. பம்பாயில் லிஸ்டன் முதலானோர் அதனை மெய்ப்பிக்க மேலும் பல ஆண்டுகள் சென்றன.

தெள்ளு ஏன் ஓயாது கடிக்கிறது? 1914இல் லண்டன் லிஸ்டர் நிலையத்தில் பேக்கட், மார்ட்டின் இருவரும் விடை கண்டனர். பேக்கட் நெடுநாள் எழுத்தராகப் பணிபுரிந்துகொண்டே பூச்சிகளை ஆராய்ந்தவர் என்பதை நாம் மகிழ்வுடன் குறிக்கிறோம். கிருமிகள் பெருகித் திரண்டு தெள்ளின் வயிற்று வாயிலை அடைத்துவிடுகின்றன. உறிஞ்சிய இரத்தம் உள்ளே செல்லாது, பசி தணியாது. ஆகவே அது மீண்டும் மீண்டும் கடிக்கிறது. எலி கிடைக்காவிடில் மனிதனையும் கடிக்கிறது. கடிக்குந்தோறும் கிருமி கலந்த இரத்தம் புண்ணுக்குள் திரும்பப் பாய்கிறது. கிருமிக்கு எண்ணமென்று ஒன்றில்லை. எனினும் தெள்ளின் பசியே அதற்கு ஊர்தியாயிற்று. அத்தெள்ளும் பட்டினியால் விரைவில் மாள்கிறது. இந்தியாவிலோ ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

பேக்கட் 1922இல் கெய்ரோவில் டைபஸ் நோயை ஆராய்கையில் அந்நோய்க்கே இரையானார். அடைப்பை உண்டாக்கும் மரபுக்கூறுகளை அமெரிக்க ஆய்வாளர் 1996இல் கண்டறிந்தனர். அக்கூறுகளை இழந்த கிருமி தெள்ளின் வயிற்றில் வாழ்ந்தும் வாயிலை அடைப்பதில்லை. தெள்ளும் வழக்கம்போல் வயிறார உண்கிறது.