பன்றிக்கு மாட்டிய எண்

கட்டுரைக்கு ஒரு வழி சொல்லுங்கண்ணே என்று கல்லூரியில் வரலாறு படிக்கிற தம்பி ஒருவன் வந்தான். 'பிரச்சாரச் சித்திரங்கள்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள், பத்துப் பக்கம். கையில் பட்டியல் வைத்திருந்தான். 1914இல் ஆல்பிரட் லீட் வரைந்த, விரல் நீட்டிப் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற கிச்சனர், அதே பாணியில் 1917இல் அமெரிக்காவில் ஃப்ளாக் வரைந்த அங்கிள் சாம், சோவியத் சுவரொட்டிகள், நாஜிக் கேலிச்சித்திரங்கள். திருவிழா ராட்டினம் மாதிரி சுத்திட்டு ஏறின எடத்துலயே எறங்குவடா என்றேன்.

அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. எம்.ஏ. படிக்கும்போது தலித் கவிதை பற்றி நான் எழுதிக் கொடுத்த கட்டுரையின் ஓரத்தில், 'இது பிரச்சாரம், இலக்கியமன்று' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார் ஆசிரியர். மன்னனைப் புகழ்ந்து பரிசில் வாங்கிய பாட்டையெல்லாம் பாடாண் திணை என்று உருகி உருகி நடத்தியவரும் அவர்தான். அரசன் பக்கம் நின்றால் திணை, சேரிப் பக்கம் நின்றால் பிரச்சாரம்.

ஒரே ஒரு ஆளை எடு என்றேன். எமரி டக்ளஸ். 1943இல் பிறந்த கறுப்பர். சிறுவயதில் கலிபோர்னியாவின் சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் அடைபட்டு, அங்கிருந்த அச்சகத்தில் வேலை கற்றவர். பிறகு கல்லூரியில் விளம்பரக் கலை படித்தார். 1966இல் ஓக்லாந்தில் தொடங்கிய கருஞ்சிறுத்தைகள் கட்சியில் அடுத்த ஆண்டு சேர்ந்து, அதன் பத்திரிகைக்குப் படம் போட்டார். டென்சில் டவல் என்ற கறுப்பு இளைஞன் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டதைக் கேள்வி கேட்டு 1967 ஏப்ரலில் வெளிவந்த பத்திரிகை அது. உச்சத்தில் ஒரு லட்சம் படிகளுக்கு மேல் போனது. வண்ண அச்சுக்குக் காசு கிடையாது. கறுப்போடு இன்னொரு வண்ணம் மட்டும். அதனால் மரச்செதுக்கு போலத் தடித்த கோடுகள். படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். 1972இல் பம்பாயில் நம்மவர்கள் 'தலித் பேந்தர்' என்று பெயர் வைத்துக்கொண்டது இவர்களைப் பார்த்துத்தான்.

போலீசை அவர் பன்றியாக வரைந்தார். படத்தைப் பார்த்ததும் தம்பி முகம் மாறிவிட்டது. "எங்க தாத்தா பன்னி மேச்சவருண்ணே. பள்ளிக்கூடத்துல என்னைப் பன்னின்னுதான் கூப்புடுவானுங்க. இத நான் எப்படிண்ணே ரசிக்கறது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. இத்தனை வருசமாக அந்தப் படங்களைப் பார்த்துக் கைதட்டியவன் நான். எனக்கு இது உறைத்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இதுதான்டா உன் கட்டுரை என்றேன்.

திட்டம் அங்கேதான் உருவானது. நாஜிப் படங்களில் ஒன்றை மட்டும் பக்கத்தில் வைப்பது. 1938இல் ஜெர்மனியில் வந்த 'நச்சுக் காளான்' என்ற குழந்தைகள் புத்தகம். எழுதியவர் ஹீமர், படம் ஃபிப்ஸ். 'டெர் ஸ்ட்யூர்மர்' பத்திரிகையில் 1925 முதல் யூதர்களைக் கேவலமாக வரைந்துவந்த ஆசாமி அவர். அதில் ஒரு வகுப்பறை. யூத மூக்கு ஆறாம் எண் மாதிரி வளைந்திருக்கும் என்று ஒரு பையன் கரும்பலகையில் காட்டுகிறான். வெளியிட்ட ஸ்ட்ரைக்கரை 1946இல் நியூரம்பெர்க்கில் தூக்கிலிட்டார்கள். இந்தப் புத்தகமும் அங்கே சாட்சியமாக வைக்கப்பட்டது.

இரண்டுமே எதிரியை அசிங்கமாக்குகிற படங்கள்தானே என்று எவனும் கேட்பான். கேட்கட்டும். பன்றிப் படம் எப்படி வந்தது என்று டக்ளஸே சொல்லியிருக்கிறார். மக்களைத் தொல்லைப்படுத்தும் குறிப்பிட்ட போலீஸ்காரனின் பேட்ஜ் எண்ணைப் பன்றிமேல் போட வேண்டும், எண்ணை வாராவாரம் மாற்ற வேண்டும் என்பதுதான் கட்சி அவரிடம் கேட்டது. முதலில் நாலு காலில் நின்ற பன்றியை அவர் இரண்டு காலில் நிறுத்திச் சீருடை மாட்டினார். ஃபிப்ஸ் வரைந்த மூக்கைக் கழற்ற முடியாது, பிறப்போடு வந்தது. சீருடையை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கழற்றலாம். பிறப்பைக் குறி வைக்கிற கோடு எது, செய்கையைக் குறி வைக்கிற கோடு எது என்பது சாதி பார்த்த கண்ணுக்குச் சட்டென்று தெரியும்.

ஆனாலும் டக்ளஸைக் கழுவிக் காப்பாற்ற வேண்டாம் என்றேன். சுடப்படுகிற பன்றிகளும் அவர் படங்களில் உண்டு, அதையும் எழுது. வண்ணம் தீட்டும் புத்தகக் கதையையும் எழுது. பன்றிப் போலீசைக் கறுப்புக் குழந்தைகள் கொல்கிற படங்கள் கொண்ட அந்தப் புத்தகத்தைக் கட்சித் தலைமை வேண்டாமென்று தள்ளியது. எஃப்.பி.ஐ. அதைக் கைப்பற்றி, குழந்தைகளுக்கான இலவசக் காலை உணவுத் திட்டத்துக்கு உதவிய கடைக்காரர்களுக்கு அனுப்பி, உதவியை நிறுத்தப் பார்த்தது. 1976இல் அமெரிக்க செனட் குழுவின் அறிக்கையில் இது வெளியானது. பத்துப் பக்கத்தில் மூன்றை இதற்கு ஒதுக்கச் சொன்னேன். அரசாங்கம் செய்தால் அதற்குப் பெயர் பிரச்சாரம் இல்லையா, என்ன?

'பிரச்சாரம் என்றால் என்ன' என்ற விளக்கத்தோடு தொடங்காதே, எண் மாட்டிய பன்றியோடு தொடங்கு என்றேன். இதுவரை ஆறு பக்கம் எழுதியிருக்கிறான். தாத்தாவை மட்டும் அடிக்குறிப்பில் போட்டு வைத்திருக்கிறான். மேலே கொண்டுவா என்கிறேன் நான். மார்க்கைக் கொறைச்சிருவாங்கண்ணே என்கிறான்.