அளத்தலும் ஊட்டலும்: பள்ளிச் சிறார் உடல்நல வரலாற்றில் தென்கொல்கத்தாவும் தமிழகமும்

முன்னுரை

குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகக் கண்டு பதிவுசெய்யும் மரபு தமிழுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்துக்கொண்டது. அவற்றுக்கு மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் ஈறாக ஒற்றைப்படைத் திங்களை உரியனவாகக் கூறும் பாட்டியல் மரபும் உண்டு. தலையசைத்தலும் கைகொட்டலும் தளர்நடையும் அங்கே வளர்ச்சியின் அடையாளங்களாகின்றன. ஆயின் இப்பருவப் பகுப்பு மழலைப் பருவத்தோடு நின்றுவிடுகிறது. பள்ளி செல்லும் சிறாரின் உடல் வளர்ச்சி பொதுக் கவனத்திற்கு உரியதானது இருபதாம் நூற்றாண்டில்தான். அவ்வளர்ச்சியை அளந்தோர் யாவர், அவர்க்கு உணவளித்தோர் யாவர் என்னும் இரு வினாக்களைத் தென்கொல்கத்தா, தமிழகம் ஆகிய இரு நிலப்பகுதிகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

டாக்குரியாவும் அதன் சூழலும்

தென்கொல்கத்தாவின் டாக்குரியா, ஏரியால் அறியப்படும் பகுதியாகும். கொல்கத்தா நகர மேம்பாட்டு அறக்கட்டளை 1920-களில் சதுப்பு நிலத்தைத் தோண்டி உருவாக்கிய டாக்குரியா ஏரி, 1958-இல் இரவீந்திர சரோவர் எனப் பெயர்மாற்றம் பெற்றது. அதன் வடமேற்கே தமிழர் பலர் குடியேறி வாழ்ந்த லேக் மார்க்கெட் வட்டாரம் உள்ளது. தெற்கே, நாட்டுப் பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த ஏதிலியர் அமைத்துக்கொண்ட குடியிருப்புகள் யாதவ்பூர்ப் பக்கம் விரிந்தன. 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்ட நகரம், அடுத்த சில ஆண்டுகளிலேயே இப்பெரும் இடப்பெயர்வையும் தாங்க வேண்டியதாயிற்று. சிறாரின் உடலில் பசி என்ன செய்கிறது என்னும் வினா இங்கு ஏட்டளவில் எழுந்ததன்று, தெருவிலேயே எழுந்தது.

அளந்தோர்

ஒரே குழந்தையைப் பல்லாண்டு தொடர்ந்து அளக்கும் முறைக்குப் பழைய சான்று பிரான்சில் கிடைக்கிறது. மான்பெய்யார் என்பவர் தம் மகனின் உயரத்தை 1759 முதல் 1777 வரை அளந்து வந்தார். இயற்கை ஆய்வாளர் பூஃபோன் அவ்வளவுகளை வெளியிட்டார். இத்தகைய தொடர் அளவீட்டில்தான் குழந்தை எவ்வாண்டில் விரைந்து வளர்ந்தது, எவ்வாண்டில் தேங்கியது என்பது புலனாகும். ஒருமுறை மட்டும் அளந்தால் உயரம் தெரியும். வளரும் வேகம் தெரியாது.

இம்முறையைத் தென்கொல்கத்தாவில் பெருமளவில் மேற்கொண்டவர் இந்திய மானிடவியல் அளவைத்துறையைச் சார்ந்த எஸ்.ஆர். தாஸ் ஆவார். டாக்குரியாவுக்கு மேற்கே, நகரின் தென்மேற்கு விளிம்பிலுள்ள சர்சுனா-பரிஷா பகுதிக் குடும்பங்களின் குழந்தைகளை 1952 முதல் 1966 வரை தொடர்ந்து அளந்தார். ஹவுஸ்பி, டானர் முதலிய ஐரோப்பிய ஆய்வாளர்கள் அவருடன் இணைந்து அத்தரவுகளைப் பகுத்தாய்ந்து 1980-இல் வெளியிட்டனர். ஒரு சமுதாயத்தின் நிலையை அதன் குழந்தைகளின் வளர்ச்சி கண்ணாடிபோல் காட்டும் என்னும் கருத்தை வலியுறுத்தியவர் டானர் என்பது இவண் நினைக்கத்தக்கது.

அரசியல் தளத்திலும் வங்கத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது. இந்தியப் பள்ளி மாணவர்க்கான மருத்துவ ஆய்வு 1909-இல் பரோடாவில் தொடங்கியதாயினும், பள்ளி உடல்நலப் பணி நாட்டில் இல்லை எனத்தக்க நிலையிலேயே இருந்ததை 1946-இல் போர் குழு சுட்டிக்காட்டியது. 1960-இல் நடுவணரசு அமைத்த பள்ளி உடல்நலக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ரேணுகா ராய். மேற்கு வங்கத்தின் மறுவாழ்வுத்துறை அமைச்சராக 1952 முதல் 1957 வரை ஏதிலியர் சிக்கலைக் கையாண்டவர் அவர். பள்ளியில் சேரும்போதும் அதன்பின் நான்காண்டுக்கு ஒருமுறையும் மாணவரை மருத்துவ ஆய்வுக்கு உட்படுத்துமாறு அக்குழு 1961-இல் பரிந்துரைத்தது. பரிந்துரை தெளிவாக இருந்தது. நாடு தழுவிய நடைமுறையோ நெடுங்காலம் கைகூடவில்லை.

ஊட்டியோர்

உணவளிக்கும் வரலாறு வேறு திசையில் நடந்தது. 1920 செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றம், பிட்டி. தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்க இசைவளித்தது. ஒரு மாணவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்பது வரையறை. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23-இல் 811 ஆக இருந்த அப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆயிற்று. தொடக்கக்கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட ஆங்கில அரசு ஒப்பாமையால் 1925-இல் திட்டம் தடைப்பட்டது.

கொல்கத்தாவில் 1928-இல் கேசவ் அகாடமி என்னும் பள்ளி நண்பகல் சிற்றுண்டியைக் கட்டாயமாக்கியது. அங்கு மாணவர் ஒருவர் திங்கள்தோறும் நான்கணா செலுத்த வேண்டியிருந்தது. இரண்டும் சிற்றுண்டித் திட்டங்களே. எனினும் அடிப்படை வேறு. ஒன்றில் ஊர்ப்பணம் குழந்தைக்குச் செலவாயிற்று. மற்றொன்றில் பெற்றோர் பணம். நான்கணா கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளை அச்சிற்றுண்டிக்கு மட்டுமன்றி அப்பள்ளிக்கே புறத்தவனாகிறான். யார் செலவு செய்வது என்பதே எப்பிள்ளை உண்பது என்பதை முடிவு செய்தது எனலாம்.

சென்னையின் அடிப்படையே பின்னர் மாநிலக் கொள்கையாயிற்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் விரிவாகத் தொடங்கியபோது, கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர்மக்களின் நன்கொடையையும் அரசின் நிதியையும் ஒன்றிணைத்தார். 1982 சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார்; 1984-இல் அது பதினைந்து அகவை வரை நீண்டது. 1989-இல் முட்டை சேர்ந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவை ஆண்டுக்கு 200 நாளேனும் வழங்குமாறு மாநிலங்கள் அனைத்துக்கும் ஆணையிட்டது. மேற்கு வங்கத்தில் சமைத்த உணவு 2003-இல் பள்ளிகளுக்கு வரத் தொடங்கியது. தமிழகத்தில் 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் சேர்ந்தது.

உணவும் நடத்தையும்

பசித்த பிள்ளையின் சோர்வு வகுப்பறையில் பெரும்பாலும் மந்தபுத்தியாகவோ அடங்காமையாகவோ பெயர் பெறுகிறது. காலையில் உண்ணாது வரும் பிள்ளையிடம் கவனத்தை எதிர்பார்ப்பது முறையன்று. மேலும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே உணவை உண்பது சாதிவேற்றுமையை மறுக்கும் பயிற்சியாகும். இப்பயிற்சி எல்லா ஊரிலும் எதிர்ப்பின்றி நடைபெற்றுவிடவில்லை; சமைப்பவரின் சாதியைக் காட்டி உணவை மறுத்த நிகழ்வுகள் தமிழகத்திலும் உண்டு. எனவே பள்ளி உணவை உடல்நலத் திட்டமாக மட்டும் கணிப்பது குறைவான கணிப்பாகும்.

இணைந்த இடமும் இணையாத இடமும்

அளத்தலும் ஊட்டலும் ஒன்றிணைந்த சிறந்த எடுத்துக்காட்டு தமிழகத்திலேயே உண்டு. 1980-இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு முதல் முப்பத்தாறு திங்கள் வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டது. எடை கூடாது தேங்கிய குழந்தைக்கு இணையுணவு அளித்தது. எடை தேறியதும் நிறுத்தியது. அளவே உணவுக்கு வழிகாட்டியது. ஆனால் இதுவும் பிள்ளைத்தமிழைப் போல மழலைப் பருவத்தோடு நின்றது. பள்ளிக் குழந்தைக்கு உணவு நாள்தோறும் கிடைத்தது. அவ்வுணவால் அவன் வளர்ந்தானா என்று பார்த்துச் சொல்லும் ஏற்பாடு அவ்வுணவோடு பிணைக்கப்படவில்லை.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைநலத் திட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணவரை மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்கின்றனர். எனினும் ஆய்வேடு ஒரு துறையினது. அடுப்பு மற்றொரு துறையினது. 2016-18-ஆம் ஆண்டுகளின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, ஐந்து முதல் ஒன்பது அகவையினருள் 22 விழுக்காட்டினர் அகவைக்கேற்ற உயரமின்றியும் 23 விழுக்காட்டினர் மெலிந்தும் 4 விழுக்காட்டினர் மிகையெடையுடனும் இருந்ததைக் காட்டியது. மெலிந்தவரும் மிகையெடையினரும் ஒரே பந்தியில் அமரும் இக்காலத்தில், எல்லார்க்கும் ஓரளவு என்னும் முறை மட்டும் போதாது.

முடிவுரை

தென்கொல்கத்தா சிறாரைப் பொறுமையுடன் அளந்தது. அவ்வளவுகள் அறிவுலகை அடைந்தன. தமிழகம் சிறார்க்குத் தளராது உணவளித்தது. அவ்வுணவு அவர்களைப் பள்ளிக்குக் கொணர்ந்தது. அளவோடு நிற்பது ஆய்வாகவே முடியும். உணவோடு நிற்பது கொடையாகவே முடியும். இரண்டும் ஒரே பள்ளியில், ஒரே குழந்தையின் பெயரில் சேரும்போதுதான் அது உரிமையாகும். ஆண்டுக்கு இருமுறை உயரமும் எடையும் குறித்து, வளர்ச்சி தேங்கிய பிள்ளைக்கு அதே சத்துணவுக் கூடத்தில் கூடுதல் உணவளிப்பதற்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. அளவுகோலும் அடுப்பும் முன்னரே உள்ளன. அவற்றை இணைக்கும் ஆணையே வேண்டுவது.